குவாரண்டைன் தொட்டியில் குட்டி எம்பரர் ஏஞ்சல்: கண் மங்கல், வேக மூச்சு. அவசரம்

அலைவாய் (சென்னை)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டரை அங்குலத்தில் எம்பரர் ஏஞ்சல் என்ற கடல் மீன் குட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். கருநீலத்தில் வெள்ளை வளையங்கள் இருக்கும் குட்டிப் பருவம்தான், மஞ்சள் கோடு இன்னும் வர ஆரம்பிக்கவில்லை. வந்தவுடன் குவாரண்டைன் தொட்டியில் (புது மீனைத் தனியே வைத்துப் பார்க்கும் தொட்டி) விட்டேன். முதலில் சுறுசுறுப்பாக இருந்தது, ஓட்டோடு வைத்த மட்டியைக் கொத்தித் தின்றது. இப்போது நிலைமை சரியில்லை.

பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். இரண்டு கண்களிலும் வெண்படலம், இடது கண்ணில் கொஞ்சம் அதிகம். பி.வி.சி. குழாயின் விளிம்பில் விலாவை உரசுகிறது. திடீர் திடீரென்று தலையை உதறுகிறது, கொட்டாவி விடுகிறது. செவுள் மூடி நிமிடத்துக்கு 120 தடவைக்கு மேல் அடிக்கிறது. துடுப்புகளை ஒடுக்கியே வைத்திருக்கிறது. உடம்பில் வெள்ளைப் புள்ளி எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. நேற்று மாலையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. மட்டி பக்கத்தில் போகிறது, பார்க்கிறது, திரும்பிவிடுகிறது.

தொட்டி 60 × 30 × 30 செ.மீ., தண்ணீர் 27 செ.மீ. உயரம் நிற்கிறது. மணல் இல்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், குழாய்த் துண்டுகள், அவ்வளவுதான். வெப்பம் 28 டிகிரி, உப்பு (ஒப்படர்த்தி) 1.025, பி.ஹெச். 8.2. அம்மோனியா கிட்டில் நிறம் 0.25க்கும் 0.5க்கும் நடுவில் இருக்கிறது. மருந்து இதுவரை எதுவும் போடவில்லை. வாங்கிய கடையில் கேட்டதற்கு காப்பர் (செம்பு மருந்து) போடச் சொன்னார்கள். காப்பர் கைவசம் இருக்கிறது. இன்றிரவே ஆரம்பிக்கலாமா?

உப்புக்காற்று (கோவை)

இன்றிரவு காப்பர் வேண்டாம். முதலில் அந்த அம்மோனியாவைக் கவனியுங்கள்.

கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் மீனைக் கொல்வது அயனியாகாத பங்கு மட்டும்தான், அது எவ்வளவு என்பதை பி.ஹெச்.சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. நன்னீர்த் தொட்டியில் பி.ஹெச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட அந்த வடிவில் இருக்காது. உங்கள் தொட்டியில், 8.2, 28 டிகிரியில், நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு அப்படி இருக்கும். கோல்ட்ஃபிஷ் தொட்டியில் தாங்கிவிடும் ஒரு அளவு இங்கே செவுளைப் பொசுக்கும். வேக மூச்சு, உரசல், ஒடுங்கிய துடுப்பு மூன்றுமே வெறும் அம்மோனியாவால்கூட வரலாம்.

இப்போதே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் உப்பும் சூடும் ஒத்திருக்க வேண்டும். கூடவே இன்னொரு ஏர் ஸ்டோன் போடுங்கள். 28 டிகிரியில் கடல் நீர் நிறைந்து கரைத்துவைக்கும் ஆக்சிஜனே லிட்டருக்கு ஆறரை மில்லிகிராம் அளவுதான், நன்னீரைவிடக் குறைவு. செவுள் பழுதான மீனுக்கு அது போதாது.

ஒரு எச்சரிக்கை. அம்மோனியாவுக்காக ப்ரைம் மாதிரி நீர்ச் சீராக்கி ஏதாவது ஊற்றினால், அதே தண்ணீரில் காப்பர் போடாதீர்கள். அந்த ரசாயனங்கள் காப்பரை மீனுக்கு இன்னும் கொடிய வடிவத்துக்கு மாற்றிவிடும்.

பவளத்திட்டு (பெங்களூரு)

மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வேக மூச்சு, சாப்பாடு இல்லை, புள்ளி தெரியவில்லை: இது வெல்வெட்டாக ஏன் இருக்கக் கூடாது? அதன் ஒட்டுண்ணி அமிலூடினியம் முதலில் செவுளில்தான் உட்காரும். தோலில் பொன்தூள் தெரியும்போது பாதிக் கதை முடிந்திருக்கும். ஒரு தொட்டி மீன் மொத்தத்தையும் அதற்குப் பறிகொடுத்தவன் நான். ராத்திரி நன்றாக இருந்தவை காலையில் தரையில் கிடந்தன. தண்ணீர் மாற்றிவிட்டுக் காலைவரை பார்க்கலாம் என்பது இக் (வெள்ளைப்புள்ளி) நோய்க்குச் சரிவரலாம், வெல்வெட்டுக்குச் சரிவராது. தண்ணீரை மாற்றட்டும், ப்ரைம் போடாமல் காப்பரை ஆரம்பிக்கட்டும்.

நீர்க்கரை (நீர்கொழும்பு)

இங்கே அலங்கார மீன் ஏற்றுமதிக் கூடமொன்றில் வேலை செய்கிறேன். ஏஞ்சல் குட்டிகள் தினமும் கையில் வரும். தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மூன்று விஷயம் ஒன்றாய் வருகிறது: இரண்டு கண்ணும் மங்கல், தலையை உதறுதல், புள்ளி இல்லை. எனக்கு முதலில் தோன்றுவது ஃப்ளூக், அதாவது தோலிலும் கண்ணிலும் ஒட்டும் தட்டைப்புழு. ஏஞ்சல் இனத்தில் இது சர்வசாதாரணம். உயிரோடு ஒட்டியிருக்கும்போது கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பதால் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. காப்பர் இதை ஒன்றும் செய்யாது. இரண்டு வாரம் காப்பர் போட்டு, புழுவும் உயிரோடு இருந்து, மீனும் பட்டினியில் போவதை நான் கண்டிருக்கிறேன்.

பவளத்திட்டு சொல்லும் பயம் நியாயமானது. அதற்காகத்தான் நன்னீர்க் குளியல் செய்யச் சொல்கிறேன். ஐந்து நிமிட வேலை. புழு என்றால் அப்போதே கண்ணால் காணலாம். வெல்வெட் என்றாலும் செவுளில் இருப்பதில் ஒரு பங்கு கழன்று மீனுக்குக் கொஞ்சம் மூச்சு வரும். இக் என்றால் பெரிதாக ஒன்றும் நடக்காது, அது தோலுக்கு அடியில் புதைந்திருக்கும். மருந்துப் போத்தலைத் திறக்க முதல் இதைச் செய்து பாருங்கள்.

மீன் வெளிச்சத்துக்கு ஒளிகிறதா? ஃபில்டர் தள்ளும் ஓட்டத்துக்குள் முகத்தைக் கொடுத்து நிற்கிறதா? இந்த இரண்டும் இருந்தால் வெல்வெட் பக்கம் யோசிக்க வேண்டும். இல்லையென்றால் என் பந்தயம் புழுவின்மேல்.

அலைவாய்

அண்ணா, நன்றி. வெளிச்சத்துக்கு ஒளியவில்லை, லைட் போட்டால் முன்னால்தான் வருகிறது. ஓட்டத்திலும் நிற்கவில்லை. பாதித் தண்ணீர் மாற்றிவிட்டேன், இரண்டாவது ஏர் ஸ்டோன் ஓடுகிறது. மூச்சு நூறை ஒட்டி இறங்கியிருக்கிறது, உரசல் மட்டும் அப்படியே இருக்கிறது.

குளியலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் வீட்டில் இருக்கிறது. இவ்வளவு சின்ன மீன் தாங்குமா? அதுதான் பயமாக இருக்கிறது.

நீர்க்கரை

தாங்கும். உப்பு மாறும் அதிர்ச்சியை ஐந்து நிமிடம் சமாளிக்கும். சூடும் பி.ஹெச்.சும் சட்டென்று மாறினால்தான் பிரச்சினை. ஆர்.ஓ. தண்ணீரை வாளியில் எடுத்து, ஹீட்டர் போட்டுத் தொட்டியின் 28 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அரை மணி நேரம் ஏர் ஸ்டோன் ஓடட்டும். சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகக் கரைத்து, பி.ஹெச். 8.2 வரும்வரை அளந்து பாருங்கள். பேக்கிங் பவுடர் அல்ல, சோடா. குழாய்த் தண்ணீர் வேண்டாம், குளோரின் இருக்கும்.

வாளி கறுப்பாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கடும் நீலம். வெள்ளை வாளியில் புழு விழுந்தாலும் தெரியாது. வலையைவிட ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மீனைக் கோரி எடுப்பது நல்லது. ஏஞ்சலின் செவுள் மூடியில் முள் உண்டு, வலையில் மாட்டினால் கிழியும்.

உள்ளே விட்டதும் ஒரு துள்ளு துள்ளும், பிறகு பக்கவாட்டில் சாய்ந்து படுக்கலாம். கெதியாகத் தூக்கிவிடாதீர்கள். செவுள் அடிக்கிறவரை பயமில்லை. செவுள் நின்றாலோ, ஓயாமல் வாளிச் சுவரில் மோதினாலோ அந்தக் கணமே திரும்பத் தொட்டியில் விடுங்கள். உப்பு நீருக்குத் திரும்பும்போது பழக்கத் தேவையில்லை, நேரே விடலாம்.

அலைவாய்

செய்துவிட்டேன். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

விட்டதும் அண்ணா சொன்ன மாதிரியே துள்ளிவிட்டுச் சாய்ந்தது. முதல் ஒன்றரை நிமிடம் எதுவும் இல்லை. அப்புறம் இடது கண்ணில், தெளிவாக இருந்த இடத்தில் ஒரு முட்டை வடிவம் மெதுவாக வெளுக்க ஆரம்பித்தது. ஓரம் முதலில், பிறகு நடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் ஒரு முனை தூக்கிக்கொண்டு ஆடியது, மறு முனை கண்ணோடு பிடித்திருந்தது. சிறிது நேரத்தில் கழன்று தரைக்குப் போனது. அதன்பிறகு விலாவிலிருந்து, வால் துடுப்பிலிருந்து, நெற்றியிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. மீனைத் தூக்கியபோது வாளியின் அடியில் வெள்ளை எள் தூவினாற்போலக் கிடந்தது. இவ்வளவும் இந்தச் சின்ன உடம்பிலா இருந்தது!

மீன் தொட்டியில் நேராக நிற்கிறது. மூச்சு எண்பதை ஒட்டி வந்துவிட்டது. வாளித் தண்ணீரை ஒரு வெள்ளைக் கரண்டியில் எடுத்து படம் இணைத்திருக்கிறேன். இது என்ன புழு? அடுத்து என்ன செய்ய வேண்டும்?

பவளத்திட்டு

படம் பார்த்தேன். சந்தேகமே இல்லை, புழுதான். நீர்க்கரை அண்ணனுக்கு நன்றி. இனிமேல் காப்பரைத் திறப்பதற்கு முன் நானும் வாளியை எடுப்பேன்.

ஆழிமகள் (பரங்கிப்பேட்டை)

கடல் உயிரியல் படிக்கிறேன். படத்தில் முன்பக்கம் இரண்டு சிறிய வட்டங்களும் பின்பக்கம் ஒரு பெரிய வட்டமும் தெரிகின்றன. பின்னால் இருப்பதுதான் மீனோடு பிடித்துக்கொள்ளும் உறிஞ்சி. வெறும் படத்தை வைத்து இனம் வரை சொல்ல முடியாது, ஆனால் காப்சாலிட் என்ற தட்டைப்புழுக் குடும்பம்தான். தொட்டி மீன்களில் அடிக்கடி வருவது நியோபெனிடீனியா, அதையே மனதில் வைத்து நடக்கலாம்.

குளியலோடு வேலை முடிந்துவிடவில்லை. கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். இந்தப் புழு ஒவ்வொன்றிலும் ஆண், பெண் இரண்டு உறுப்பும் உண்டு. இடைநிலை விருந்தோம்பி (நடுவில் தங்கி வளர வேறொரு உயிர்) எதுவும் தேவையில்லை, மீனிலிருந்து மீனுக்கு நேராகவே பரவும். முட்டைகளுக்கு நீளமான ஒட்டும் இழை இருக்கும். அது ஸ்பாஞ்சில், ஏர் குழாயில், வலையில், எங்கே சிக்கினாலும் பிடித்துக்கொள்ளும். நன்னீர்க் குளியல் முட்டையைத் தொடாது, தட்டைப்புழுவுக்கான மருந்தான ப்ராசிகுவான்டெலும் (சுருக்கமாக ப்ராசி) தொடாது. 28 டிகிரியில் முட்டை ஒரு வாரத்துக்குள் பொரிய ஆரம்பிக்கும். வெளிவரும் குஞ்சுப்புழு நீந்திப் போய் மீனைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த ஒன்பது பத்து நாளில் அதுவே முட்டையிடத் தயாராகிவிடும்.

ஆகவே ப்ராசி ஒரு தடவை போட்டால் போதாது. முதல் தடவை இப்போது மீனில் இருப்பவற்றுக்கு. இரண்டாவது தடவை, முட்டைகள் பொரிந்த பிறகு, ஆனால் புதியவை முட்டையிடுவதற்கு முன். உங்கள் வெப்பத்துக்கு ஏழாம் நாள் சரியாக இருக்கும். அதே இடைவெளியில் மூன்றாவது தடவையும் போடச் சொல்வேன், முட்டைகள் எல்லாம் ஒரே நாளில் பொரிவதில்லை.

அலைவாய்

அக்கா, மிக்க நன்றி. ப்ராசிகுவான்டெல் 600 மி.கி. மாத்திரை கிடைத்திருக்கிறது. மனிதர்களுக்கான மாத்திரை. எவ்வளவு போடுவது? நாய்க்குக் கொடுக்கும் குடற்புழு மாத்திரையும் ஒருவர் தருகிறேன் என்கிறார்.

உப்புக்காற்று

நாய் மாத்திரை வேண்டாம். பெரும்பாலானவற்றில் ப்ராசியோடு வேறு மருந்துகளும் கலந்திருக்கும். உங்கள் மாத்திரையின் அட்டையில் ப்ராசிகுவான்டெல் மட்டும்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவு லிட்டருக்கு 2.5 மி.கி. உங்கள் தொட்டி 60 × 30, தண்ணீர் 27 என்றால் 48.6 லிட்டர். கண்ணாடித் தடிமன், குழாய், ஸ்பாஞ்ச் எல்லாம் கழித்தால் 46 என்று வைப்போம். 115 மி.கி. மருந்து வேண்டும், மாத்திரையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. இங்கே ஒரு இடறல் இருக்கிறது. 600 மி.கி. என்பது மாத்திரையில் உள்ள மருந்தின் எடை, மாத்திரையின் எடை அல்ல. மாவும் பூச்சும் சேர்ந்து அது இன்னும் கனமாக இருக்கும். மி.கி. காட்டும் சின்னத் தராசில் முழு மாத்திரையை நிறுத்து, நன்றாகப் பொடித்து, அந்த மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கை எடுங்கள். நேராக 115 மி.கி. பொடியை நிறுத்தால் மருந்து குறைந்துவிடும்.

ப்ராசி தண்ணீரில் எளிதில் கரையாது. மூடியுள்ள ஒரு சின்னப் பாட்டிலில் தொட்டித் தண்ணீரோடு போட்டு வெகுநேரம் குலுக்குங்கள். கரையாத தூளையும் சேர்த்தே ஊற்றுங்கள். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், யு.வி. விளக்கு இருந்தால் நிறுத்துங்கள். ஏர் ஸ்டோன் இரண்டும் முழு வேகத்தில் ஓட வேண்டும்.

கடல்நிலா (தூத்துக்குடி)

சின்னக் கேள்வி. என்னிடம் ஃபார்மலின் இருக்கிறது. அதில் குளியல் கொடுத்தால் வேகமாக முடிந்துவிடாதா?

ஆழிமகள்

புழுவுக்கும் அது கேட்கும். ஆனால் ப்ராசி கையில் இருக்கும்போது ஃபார்மலினுக்குப் போக வேண்டியதில்லை. அது தண்ணீரின் ஆக்சிஜனைக் குறைக்கும், இந்தக் குட்டியின் செவுள் ஏற்கெனவே புண்பட்டிருக்கிறது. மூடிய அறையில் அதன் ஆவியை நீங்கள் சுவாசிப்பதும் ஆபத்து. பாட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் எந்த மீனுக்கும் பயன்படுத்தவே கூடாது, அது இன்னும் நஞ்சாக மாறியிருக்கும். க்ளௌன் மீனுக்கு ப்ரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி வந்து தோல் உரியும்போதுதான் ஃபார்மலினை எடுக்க நியாயம் உண்டு.

அலைவாய்

மருந்து போட்டாயிற்று. இன்று காலையில் தண்ணீர் லேசாக வெளுத்திருக்கிறது. மீன் மேல்மட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. மருந்து அதிகமாகிவிட்டதா?

உப்புக்காற்று

அளவு சரி. பாக்டீரியா பெருகியிருக்கிறது. ப்ராசியையும் மாத்திரை மாவையும் அவை தின்னும், தின்னும்போது ஆக்சிஜனை இழுக்கும். மீன் மேலே வருவது அதனால்தான். ஸ்பாஞ்ச் ஃபில்டரின் குமிழியும் சேர்ந்து மேல்பரப்பு நன்றாகக் கலங்குகிறதா பாருங்கள். ஃபேன் ஒன்றை நீர்ப்பரப்பின்மேல் வீசவிட்டால் ஒரு டிகிரி குறையும், அதுவும் உதவும். ஆவியாகிற தண்ணீருக்கு ஆர்.ஓ. மட்டும் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் உப்பு ஏறும். மூச்சு மறுபடி நூறைத் தாண்டினால் கால்வாசித் தண்ணீரை மாற்றிவிடுங்கள், மருந்து கொஞ்சம் வீணானாலும் பரவாயில்லை. மின்வெட்டு வரும் பகுதி என்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

அலைவாய்

சாப்பிட்டுவிட்டது! கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒரு மட்டியை ஓட்டோடு பிளந்து தரையில் வைத்தேன். சுற்றிச் சுற்றி வந்து, ஒரு ஓரத்தைக் கடித்து இழுத்து, துப்பி, மறுபடி எடுத்து விழுங்கியது. பிறகு விடவே இல்லை. கண்ணில் படலம் இன்னும் இருக்கிறது. தண்ணீர் தெளிந்துவிட்டது, அம்மோனியா கிட்டில் பழைய பச்சை இல்லை.

நீர்க்கரை

நல்ல செய்தி தம்பி. தின்னாத மட்டியை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், இந்தச் சின்னத் தொட்டியில் அம்மோனியா அங்கிருந்துதான் வரும். கண் படலத்துக்கு அவசரப்பட்டு ஆன்டிபயாடிக் போட வேண்டாம். புழு கடித்த புண் ஆறக் கொஞ்ச நாள் எடுக்கும். கண் வெளியே பிதுங்கினாலோ, ஓரம் சிவந்தாலோ, படலம் தடித்துப் பஞ்சுபோல ஆனாலோ அப்போது கதைப்போம்.

பவளத்திட்டு

நான் விட்ட இடத்திலிருந்து மறுபடி கேட்கிறேன். புழு தீர்ந்துவிட்டது என்பதற்காக இக்கும் வெல்வெட்டும் இல்லை என்று ஆகாது. ப்ராசி முடிந்தபின் காப்பர் போடாமல் மெயின் டேங்கில் விடுவதை நான் ஒப்பமாட்டேன்.

உப்புக்காற்று

இதில் உங்கள் பக்கம்தான் நான். வரிசையில் மட்டும்தான் வேறுபாடு. பட்டினி கிடந்த, மூச்சுத் திணறிய ஏஞ்சலுக்குக் காப்பர் போட்டால் பசி இன்னும் அடைபடும். முதலில் நன்றாகத் தின்று வயிறு நிரம்பட்டும். பிறகு காப்பரை ஒரே நாளில் ஏற்றாமல், தினமும் அளந்து சில நாளில் சிகிச்சை அளவுக்குக் கொண்டுபோகலாம். அலைவாய், உங்கள் பாட்டில் எந்த வகை என்று பாருங்கள். காப்பர் பவர் மாதிரி கீலேட் வகைக்கு (செம்பை வேறொரு சேர்மத்தோடு பிணைத்து வைத்தது) 2 முதல் 2.5 பி.பி.எம். வேண்டும். குப்ரமினுக்கு 0.5 போதும். ஒன்றின் அளவில் மற்றதைப் போட்டால் ஒன்று மீன் சாகும், இல்லை மருந்து வேலை செய்யாது.

காப்பரே வேண்டாம் என்று தோன்றினால் இக்குக்கு வேறு வழியும் உண்டு: மூன்று நாளுக்கு ஒரு தடவை, 72 மணி தாண்டாமல், முற்றிலும் காய்ந்த புதுத் தொட்டிக்கு மீனை மாற்றுவது. இப்படி நான்கு மாற்றம். இக் ஒட்டுண்ணி மீனைவிட்டு இறங்கித் தரையில் கூடு கட்டும், மறுபடி பொரிந்து வருவதற்குள் மீன் அங்கே இருக்காது. உங்களுக்கு இதில் இன்னொரு லாபம், புழு முட்டையும் பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். வெல்வெட்டுக்கு மட்டும் இந்த முறையை நம்பாதீர்கள்.

அலைவாய்

இரண்டாவது ப்ராசிக்கு முன் பாதித் தண்ணீர் மாற்றிவிட்டுப் போட்டேன். மறுநாள் சந்தேகத்துக்காக இன்னொரு நன்னீர்க் குளியல் கொடுத்தேன். கறுப்பு வாளியில் டார்ச் அடித்துத் தேடினேன், ஒன்றுகூட விழவில்லை. வலது கண் முழுக்கத் தெளிந்துவிட்டது, இடதில் ஒரு மூலையில் மட்டும் மிச்சம். மட்டி, மைசிஸ் (இறால் போன்ற சின்ன உயிர்), நோரி (கடற்பாசி) மூன்றும் தின்கிறது. மூன்றாவது தடவை ப்ராசி முடிந்ததும் காப்பரை மெதுவாக ஆரம்பிக்கப் போகிறேன், கீலேட் வகைதான் இருக்கிறது. அளக்க டிஜிட்டல் செக்கர் ஒருவர் கடனாகத் தருகிறார்.

இன்னொன்று கேட்க வேண்டும். இந்தத் தொட்டியின் ஸ்பாஞ்ச், ஏர் குழாய், டப்பா எல்லாம் அடுத்த மீனுக்குப் பயன்படுத்தலாமா?

ஆழிமகள்

காப்பர் தொடங்கும்போதே புது ஸ்பாஞ்சுக்கு மாறுவது நல்லது. மெயின் டேங்க் சம்ப்பில் (அடியில் இருக்கும் வடிகட்டித் தொட்டி) ஒரு ஸ்பாஞ்சை இப்போதே போட்டுவையுங்கள், அதற்குள் அதில் பாக்டீரியா வந்துவிடும். காப்பர் பட்ட ஸ்பாஞ்சைத் திரும்ப சம்ப்புக்குக் கொண்டுபோகாதீர்கள், பவளத்துக்கும் இறாலுக்கும் ஆகாது. பழையதை எறிந்துவிடுங்கள். டப்பா, வலை, ஹீட்டர், குழாய்த் துண்டு எல்லாவற்றையும் நன்னீரில் கழுவி, மடிப்பு இடுக்கெல்லாம் காயும்படி மொட்டை மாடி வெயிலில் இரண்டு மூன்று நாள் போடுங்கள். இந்த முட்டை ஈரத்தில் எதையும் தாங்கும், முழுக்கக் காய்ந்தால் தாங்காது. ஏர் குழாயின் உள்பக்கம் காய்வது கடினம், அதை மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள்.